பிள்ளை நாவலும் எழுதட்டும், சட்டமும் படிக்கட்டும்

அன்புள்ள அம்மாவுக்கு,

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் தங்கள் மகள், துப்பறியும் நாவலாசிரியராவதே தன் விருப்பம் என்று சொன்ன நாளிலிருந்து தங்களுக்கு நிம்மதியில்லை என்று எழுதியிருந்தீர்கள். கவலை நியாயமானதுதான், நாவலை மட்டும் நம்பி வீட்டுச் செலவை நடத்துவோர் தமிழில் மிகச் சிலரே. ஆனாலும் பிள்ளை கதை எழுதும் கொப்பியைப் பறித்து வைத்தது சரியன்று.

வேறு தொழில் செய்துகொண்டே எழுத்துக்கு வந்தவர்கள் உண்டு. துப்பறியும் நாவலாசிரியர் பீட்டர் டெம்பிள் 1946இல் தென்னாபிரிக்காவில் பிறந்து, ஜெர்மனி வழியாக 1980இல் அவுஸ்திரேலியாவில் குடியேறியவர். பத்திரிகையாளராகவும், இதழாசிரியராகவும், அத்தொழிலைக் கற்பிப்பவராகவும் உழைத்த அவருடைய முதல் நாவல் 1996இல்தான், அதாவது ஐம்பது வயதை ஒட்டித்தான், வெளிவந்தது. 2007இல் பிரித்தானியக் குற்றப்புனைவு எழுத்தாளர் சங்கத்தின் முதன்மை விருதையும், 2010இல் அவுஸ்திரேலியாவின் மதிப்புமிக்க மைல்ஸ் பிராங்க்ளின் இலக்கிய விருதையும் பெற்றார். பிறருடைய வாக்கியங்களைச் செப்பனிட்ட அந்த ஆண்டுகளே அவருடைய சொற்சிக்கனத்துக்குப் பயிற்சியாக இருந்தன என்பது என் கணிப்பு. இலங்கையில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்த சுலாரி ஜென்டிலும் சட்டத்தரணியாகப் பணியாற்றிய பின்னரே எழுத்துக்கு வந்து, 2018இல் அவுஸ்திரேலியக் குற்றப்புனைவுக்கான நெட் கெல்லி விருதைப் பெற்றார்.

தங்கள் மகள் என்னிடம் காட்டிய அத்தியாயத்தில், திருகோணமலை உப்புவெளியில் விடியற்காலை கரைவலை இழுப்பவர்களின் கையில் கயிறு திடீரெனக் கனக்கிறது. வலையில் மீனோடு ஓர் உடலும் வருகிறது. கயிறு கனத்ததும் இழுப்பவர்களின் பேச்சு நின்றுபோவதை எழுதியிருந்த விதத்தில் உண்மையான திறமையைக் கண்டேன். ஆனால், அந்த இடத்திலேயே பொலிஸ் அதிகாரி மரணத்துக்கான காரணத்தைத் தீர்மானித்துவிடுகிறார். நம் நாட்டில் திடீர் மரண விசாரணை அதிகாரியும் சட்ட வைத்திய அதிகாரியும் செய்ய வேண்டிய வேலை அது. சட்டம் படித்தால் இத்தகைய பிழைகள் நேரா; அதே படிப்பு பிழைப்புக்கும் வழிகாட்டும்.

ஆகவே, பெறுபேறு வந்ததும் பல்கலைக்கழக விண்ணப்பத்தில் சட்டத்தை முதலில் குறிப்பிடுங்கள். வெட்டுப்புள்ளி எட்டாவிட்டால், இலங்கைச் சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சை இருக்கிறது. தொலைவில் அனுப்பத் தயங்கினால், கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்தில் மொழியும் தொடர்பாடலும் கற்கலாம். ஊடகத் தொழிலுக்கு அதுவும் ஏற்றதே.

அதுவரை, வாரத்தில் ஒரு நாள் பிள்ளையை நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். திறந்த மன்றில் நடக்கும் வழக்குகளைப் பொதுமக்கள் பின்வரிசையில் அமர்ந்து கேட்கலாம். புறப்படுமுன் அந்தக் கொப்பியைத் தங்கள் கையாலேயே திருப்பிக் கொடுங்கள்.