நகை பெட்டியிலேயே இருக்கட்டும், அவள் உளவியல் படிக்கட்டும்

தண்டையார்பேட்டை அக்காவுக்கு,

ஆறுதலாக நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நகையை அடகு வைத்து மகளை மூன்றாவது தடவையாக நீட் கோச்சிங்கில் சேர்க்கப் போகிறேன் என்கிறீர்களே, அதற்குத் தலையாட்ட முடியாது. டாக்டர் ஆகணும் என்பது உங்கள் கொழுந்தனாரின் ஆசை. வட்டி கட்டப்போவது அவர் இல்லை.

அவளுக்குப் பிடித்திருப்பது உளவியல். "கீழ்ப்பாக்கம் கேஸுங்களோட காலம் தள்ளப் போறியா?" என்று வீட்டில் சிரிக்கிறார்களாம். அந்த வேலை என்னவென்று தெரிந்தால் சிரிக்க மாட்டார்கள். ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன்.

உணர்ச்சியை மையமாக வைத்த சிகிச்சை ஒன்று உண்டு. 1980களில் லெஸ்லி கிரீன்பெர்க், சூ ஜான்சன் இருவரும் கனடாவில் உருவாக்கியது. 'நீ எதுக்கும் லாயக்கில்லை' என்று ஓயாமல் தன்னையே திட்டிக்கொள்பவர் வருகிறார். எதிரெதிரே இரண்டு நாற்காலி. ஒன்றில் உட்கார்ந்து அந்தத் திட்டை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்புறம் எழுந்து எதிர் நாற்காலிக்குப் போய், திட்டு வாங்கியவராகப் பதில் சொல்ல வேண்டும்: எங்கே வலித்தது, என்ன தேவை. இறந்துபோன அப்பாவிடம் சொல்லாமல் விட்டது நெஞ்சை அடைத்தால், காலி நாற்காலியில் அவர் இருப்பதாக வைத்துப் பேச வைப்பார்கள். மேலே கோபம் தெரியும், அடியில் துக்கமோ அவமானமோ கிடக்கும். குரல் கம்முகிற அந்த நொடியைப் பிடிப்பதுதான் திறமை. பயிற்சி இல்லாதவர் கை வைத்தால் ஆறாத புண்ணைக் கிளறிய மாதிரி ஆகிவிடும்.

தோழி அழுதால் புத்தி சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறாள் என்று குறையாக எழுதியிருக்கிறீர்களே, இந்த வேலைக்கு அதுதான் முதல் தகுதி.

மாநிலக் கல்லூரியில் உளவியல் இருக்கிறது. பிளஸ் டூ மதிப்பெண்ணில்தான் சேர்க்கை, நீட் இல்லை. கடற்கரை ஸ்டேஷனில் பறக்கும் ரயிலுக்கு மாறினால் சேப்பாக்கம். பட்டம் 3 வருடம், முதுகலை 2. அதோடு முடியாது. மருத்துவ உளவியலாளர் என்று போர்டு மாட்ட, இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பும் பதிவும் வேண்டும். அதற்கு இடம் கம்மி, போட்டி அதிகம். ஆரம்பச் சம்பளமும் சுமார்தான். இதையெல்லாம் அவளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். ஆறு வாரத்தில் கவுன்சலர் ஆக்குகிறோம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களுக்குப் பத்து பைசா கொடுக்காதீர்கள்.

அரசுக் கலைக் கல்லூரி விண்ணப்பத்தை ஆன்லைனில் கடைசித் தேதிக்குள் போட்டுவிடுங்கள். கொழுந்தனாரிடம் அட்மிஷன் முடிந்த பிறகு சொன்னால் போதும்.