குளிசை போடுகிறார், பிறகு எதற்குக் கதைக்கப் போக வேண்டும்?

கேள்வி: என் கணவருக்கு 43 வயது, மேசன் வேலை. பதினைந்து வருடக் குடி. போன மாதம் ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை வைத்திருந்து, நால்ட்ரெக்ஸோன் குளிசை தந்து அனுப்பினார்கள். இதுவரை குடிக்கவில்லை. உளவளத்துணைக்குக் கிழமைக்கு ஒருதடவை வரச் சொல்கிறார்கள். "குளிசை போடுறன்தானே, அங்க போய் என்னத்தைக் கதைக்கிறது? ஒருநாள் சம்பளம் போகுது" என்கிறார். மாமியோ, ஒரு போதையை விட்டு இன்னொரு போதை என்று குளிசையையே நிறுத்தச் சொல்கிறா. குடியை வெறுக்க வைக்கும் வேறு குளிசை இருக்கிறது, தெரியாமல் தேத்தண்ணீரில் போட்டுக் கொடு என்று ஒருவர் சொல்கிறார். என்ன செய்வது? (கோப்பாயிலிருந்து ஒரு வாசகி)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் தேத்தண்ணீர் விஷயம். தயவுசெய்து அதைச் செய்துவிடாதீர்கள். அவர் சொல்வது டைசல்ஃபிரம் என்ற குளிசையாக இருக்க வேண்டும். மது உடம்பில் உடையும்போது வரும் ஒரு நச்சுப்பொருளை மேற்கொண்டு உடையவிடாமல் அது தடுக்கும். அந்தக் குளிசை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், இரத்த அழுத்தம் விழும். இதய வருத்தம் உள்ளவருக்கு உயிரே போகலாம். கடைசிக் குளிசை போட்டு இரண்டு கிழமை வரை இந்த ஆபத்து இருக்கும். விஷயம் தெரிந்து, சம்மதித்து, மனைவியின் கண்முன்னே விழுங்குகிறவருக்கு அது நல்ல மருந்து. தெரியாமல் குடிக்கிறவருக்கு நஞ்சு. அதோடு, ஒருநாள் அவருக்கு இது தெரியவந்தால் நீங்கள் தரும் தேத்தண்ணீரையே பிறகு தொடமாட்டார்.

மாமியின் பயத்தில் நியாயம் இருக்கிறது, ஆனால் அது இந்தக் குளிசைக்குப் பொருந்தாது. குடியை நிறுத்திய முதல் கிழமையில் பெரும்பாலும் கொடுக்கும் டயசிபாம், குளோர்டயசெப்பொக்சைட் போன்றவை பழக்கமாகக்கூடியவை. அதனால்தான் நாளுக்கு நாள் குறைத்து, ஒரு கிழமை அளவில் நிறுத்திவிடுகிறோம். நால்ட்ரெக்ஸோன் வேறு. குடிக்கும்போது மூளை தானே சுரக்கும் சில பொருட்கள்தான் அந்தச் சுகத்தைத் தருகின்றன. அவை போய் ஒட்டும் இடத்தில் இந்த மருந்து முதலே உட்கார்ந்துவிடும். குடித்தாலும் பழைய சுகம் வராது, "இன்னும் கொஞ்சம்" என்ற இழுப்பும் குறையும். இதில் வெறி இல்லை, நிறுத்தினால் நடுக்கமும் இல்லை. வழமையாக ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம், ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை. இடையிடையே ஈரலுக்கான இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். மாமியிடம் இதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

சரி, கதைக்கப் போவது எதற்கு? நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் 25 நாளும் தொடாமல் இருக்கும் எத்தனையோ குடிகாரரை எனக்குத் தெரியும். தீர்த்தம் முடிந்து சில நாளில் பழையபடி தவறணையில் நிற்பார்கள். விடமுடியாமல் அல்ல, விட்டபிறகு எப்படி இருப்பது என்று தெரியாமல்தான் திரும்பப் போகிறார்கள். (கடுமையாகக் குடிப்பவர் கொடியேற்றத்தன்று திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் அளவில் புத்தி தடுமாறலாம். விரதத்துக்கு முன்பே வைத்தியரிடம் வாருங்கள்.)

உளவளத்துணை அறையில் நடப்பது உபதேசம் என்று உங்கள் கணவர் நினைக்கிறார் போலும். உண்மையில் கேட்கும் கேள்வி மிகச் சாதாரணமானது: "கடைசியாகக் குடித்த அந்தச் சனிக்கிழமை, விடிந்ததிலிருந்து என்ன நடந்தது?" முதலில், ஒன்றும் நடக்கவில்லை என்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வரும். பின்னேரம் நாலு மணிக்குச் சம்பளம் கையில் கிடைத்தது. மத்தியானம் சாப்பிடவில்லை. கூட்டாளி சைக்கிளை உருட்டிக்கொண்டு, வா என்றான். சந்தியில் இடப்பக்கம் திரும்பினால் வீடு, வலப்பக்கம் தவறணை. ஒரு போத்தல் கள்ளுத்தானே என்று நினைத்தார்.

இந்த ஒவ்வொரு இடத்திலும் என்ன செய்யலாம் என்று இருவருமாக யோசிப்பதுதான் சிகிச்சை. சம்பளத்தை நீங்கள் போய் வாங்கலாமா, நாலு மணிக்கு முன் வயிற்றுக்கு ஏதாவது போடலாமா, கூட்டாளிக்கு என்ன பதில் சொல்வது, எந்த வழியால் வீட்டுக்கு வருவது. அந்தப் பதிலை அவர் வாயால் நாலைந்து தரம் சொல்லிப் பழகவும் வைப்பார்கள். குடிக்க வேண்டும் என்ற அந்தரம் பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் தணியும். அந்த அரை மணித்தியாலத்தை எங்கே, யாரோடு கழிப்பது என்று குளிசை சொல்லித்தராது. ஆனால் குளிசை அந்த அந்தரத்தின் வேகத்தைக் குறைப்பதால்தான், அறையில் கற்றது சந்தியில் நிற்கும்போது ஞாபகம் வருகிறது.

2006இல் அமெரிக்காவில் 1383 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு வெளியானது. நால்ட்ரெக்ஸோன் எடுத்தவர்களும், ஆழமான உளவளத்துணை பெற்றவர்களும் நன்றாக முன்னேறினார்கள். இரண்டையும் சேர்த்தபோது இன்னும் கூடுதலான பலன் அந்த ஆய்வில் தெரியவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அதில் குளிசை எடுத்த எவரையும் குளிசையோடு மட்டும் வீட்டுக்கு அனுப்பவில்லை. 16 கிழமைக்குள் ஒன்பது தடவை வரை மருத்துவரோ தாதியோ அவர்களோடு இருந்து கதைத்தார்கள். ஆகவே, கிழமைக்கு ஒருநாள் வரமுடியாவிட்டால் மாதத்துக்கு இரண்டு நாள் தாருங்கள் என்று கேளுங்கள். கூலி வேலை செய்பவரின் ஒருநாள் சம்பளம் எங்களுக்கும் விளங்கும். அடியோடு விடுவதற்கு மட்டும் உடன்படாதீர்கள்.

இரண்டு எச்சரிக்கை. உயரத்தில் நின்று வேலை செய்பவர், விழுந்து காயப்பட்டால் மோர்ஃபின், ட்ரமடோல் போன்ற வலி மருந்துகள் இந்தக் குளிசை போடுபவருக்குச் சரியாக வேலை செய்யாது. கிளினிக் அட்டை எப்போதும் அவர் சேர்ட் பையில் இருக்கட்டும். அடுத்தது, அயலில் ஹெரோயின் பாவிக்கும் பெடியன் யாருக்காவது நல்ல மனதோடுகூட இந்தக் குளிசையைக் கொடுக்கக் கூடாது. அவனுக்கு அது உடனே கடும் வேதனையைக் கொண்டுவரும். அவனுக்கான மருந்தும் முறையும் வேறு, நேரே உளநலப் பிரிவுக்குக் கூட்டிவர வேண்டும். தேசிய அபாயகர ஔடதக் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

இடையில் ஒருநாள் அவர் குடித்துவிட்டு வரலாம். அன்று சண்டை வேண்டாம், அடுத்த கிளினிக்கையும் தவறவிட வேண்டாம். வெட்கத்தில் வராமல் விடுகிறவர்களைத்தான் நாங்கள் இழக்கிறோம். அடுத்த தடவை நீங்களும் கூடப் போங்கள். மிச்சக் குளிசையையும் கொண்டு போங்கள், எத்தனை நாள் தவறியது என்று எண்ணிப் பார்க்கலாம்.