எஸ்.பி.எல். விண்ணப்பம்: வரைவில் எதை மாற்றுவது?

தம்பி, பதினொன்றாம் வகுப்பில் எஸ்.பி.எல். (பள்ளி மாணவர் தலைவர்) பதவிக்கு ஒரு பக்கக் கடிதமும் 2 நிமிடப் பேச்சும் கேட்டிருக்கிறார்கள் என்று எழுதி, வரைவையும் போட்டிருக்கிறீர்கள். பார்த்தேன். முதல் பத்தியில் ‘தலைமைப் பண்பு’ மூன்று முறை வருகிறது, மூன்றையும் எடுத்துவிடுங்கள். எல்லாருடைய கடிதத்திலும் அதுதான் இருக்கும். கடைசி வரியில் போகிறபோக்கில் சொன்ன விளையாட்டு விழா வேலையை மேலே கொண்டுவாருங்கள்: எத்தனை பேரை வைத்துச் செய்தீர்கள், எது சொதப்பியது, எப்படிச் சமாளித்தீர்கள். நாலு வரி போதும்.

பி.டி. பீரியடைக் கூட்டுவேன் என்ற வாக்குறுதி வேண்டவே வேண்டாம். கால அட்டவணை உங்கள் கையில் இல்லை. நேர்காணலில் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள். மதியம் குழாயடியில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைப் பெரியவர்கள் தள்ளிவிடுவதாக எழுதியிருக்கிறீர்களே, அது அருமையான விஷயம். சின்ன வகுப்புகளுக்குத் தனிக் குழாய், வாரம் மாற்றி 2 பேர் பொறுப்பு என்று திட்டமாகவே எழுதுங்கள். காசு செலவில்லை, மறுநாளே தொடங்கலாம்.

பேச்சு 200 சொல்லைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அவசரப்படுவீர்கள், மைக்கில் பாதி விழுங்கிப்போகும். கடிகாரம் வைத்து நின்றபடி சத்தமாகப் பேசிப் பாருங்கள்.

‘நண்பன் தாமதமாக வந்தால் பெயர் எழுதுவாயா?’ என்று கேட்க வாய்ப்பு அதிகம். எழுதுவேன், அதை அவனிடமே முதலில் சொல்லிவிடுவேன் என்பது நேர்மையான பதில். வகுப்பாசிரியர் கையெழுத்தைக் கடைசி நாளுக்கு வைக்காமல் இந்த வாரமே வாங்கிவிடுங்கள்.