லைசென்ஸ் எடுத்து நானே பிடித்த மீன், விற்றால் என்ன தப்பு?

கேள்வி: நியூசிலாந்தின் ஹாமில்டனில் ஒரு உணவகத்தில் சமையல்காரராக, வேலை விசாவில் இருக்கிறேன். ஃபிஷ் அண்ட் கேம் (மீன்பிடிக்கும் வேட்டைக்கும் அனுமதி தரும் அமைப்பு) லைசென்ஸ் எடுத்துத்தான் மீன் பிடிக்கிறேன். போன மாதம் ரோட்டோருவா பக்கம் இரண்டும், டௌபோ ஏரியில் இரண்டுமாக நான்கு ட்ரவுட் (ஒரு நன்னீர் மீன்) கிடைத்தது. முதலாளி 80 டாலர் கொடுத்து வாங்கி, வறுவல் போட்டு, படத்தை முகநூலிலும் ஏற்றிவிட்டார். இப்போது விசாரணைக்கு வரச்சொல்லி எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. கூட வேலை பார்ப்பவர் காட்டு மான் கறி விற்கிறார், அவரை யாரும் கேட்கவில்லையே?

பதில்: தப்புதான். நியூசிலாந்தில் ட்ரவுட்டை யாரும் விற்கவும் கூடாது, வாங்கவும் கூடாது. லைசென்ஸ் என்பது பிடிக்க, சாப்பிட, சும்மா கொடுக்க மட்டும். சூப்பர் மார்க்கெட்டில் சால்மன் கிடைக்கிறதே என்பீர்கள், அது பண்ணை மீன். ட்ரவுட்டுக்கு இங்கே பண்ணையே கிடையாது.

ஏன் இப்படி என்றால், கதை காலனி காலத்துக்குப் போகிறது. ட்ரவுட் இந்த நாட்டு மீன் இல்லை. 1867-ல் டாஸ்மேனியாவிலிருந்து முட்டையாகக் கொண்டுவந்தார்கள், அதே வருடம் சால்மனுக்கும் ட்ரவுட்டுக்கும் தனிச் சட்டமே போட்டுவிட்டார்கள், அதாவது மீன் ஆற்றில் ஒழுங்காக நீந்தப் பழகும் முன்பே அதற்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. (நம் நீலகிரிக்கும் 1879-ல் சென்னை அரசாங்கம் இப்படி ஒரு வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் போட்டது, வெளியிலிருந்து கொண்டுவந்து விடும் மீனும் அதில் சேர்த்தி.) அந்நிய உயிரினங்களைக் கொண்டுவந்து பழக்குவதற்கென்றே மாவட்டத்துக்கு ஒரு சங்கம் இருந்தது. லைசென்ஸ் கொடுப்பது, காசு வாங்குவது, காவலுக்கு ஆள் போடுவது எல்லாம் அந்தச் சங்கம்தான். 1990-ல் அவற்றைக் கலைத்துத்தான் இன்றைய ஃபிஷ் அண்ட் கேம் கவுன்சில்களை அமைத்தார்கள்.

குடியேறி வந்தவர்களில் பலருக்கு இங்கிலாந்தில் ஜமீன்தார் ஆற்றில் தூண்டில் போட்டால் திருட்டுக் கேஸ் என்ற அனுபவம் மறக்கவில்லை. அதனால் இங்கே லைசென்ஸ் கட்டணம் கட்டும் யாரும் பிடிக்கலாம், ஆனால் எவனும் அதில் காசு பார்க்கக் கூடாது என்று வைத்தார்கள். நிலத்துக்காரர்கூடத் தன் நிலத்து ஆற்றில் மீன் பிடிக்கும் உரிமையை விற்கவோ குத்தகைக்கு விடவோ முடியாது. மீனுக்கு ஒரு விலை வந்துவிட்டால் அப்புறம் தூண்டில் போய் வலை வந்துவிடும் என்ற பயமும் உண்டு. எனக்கு இந்த விதி நியாயமாகவே படுகிறது.

சரி, நீங்கள் போகிற போக்கில் சொன்ன டௌபோவுக்கு வருவோம், ஏனென்றால் அங்கேதான் இரண்டாவது சிக்கல் இருக்கிறது. ஃபிஷ் அண்ட் கேம் லைசென்ஸ் டௌபோவில் செல்லாது. அங்கே கன்சர்வேஷன் (இயற்கைப் பாதுகாப்பு) துறை கொடுக்கும் தனி லைசென்ஸ் வேண்டும். அந்த ஏரியின் அடித்தரை ங்காட்டி டூஃபாரேடோவா என்ற மாவோரி (நியூசிலாந்துப் பூர்வகுடி) இனக்குழுவுக்கு உரியது. ட்ரவுட்டை விட்ட பிறகு அவர்கள் காலங்காலமாகச் சாப்பிட்டுவந்த கோஆரோ மீன் குறைந்துபோனது, தங்கள் ஏரியில் ட்ரவுட் பிடிக்க அவர்களே லைசென்ஸ் வாங்க வேண்டிய நிலையும் வந்தது. இந்தச் சட்டத்திலேயே என்னை உறுத்துகிற இடம் அதுதான். அரசோடு செய்த 1926 ஒப்பந்தத்தில்தான் அவர்களுக்கு வருட ஈட்டுத்தொகையும் லைசென்ஸ் வருமானத்தில் பங்கும் கிடைத்தது. டௌபோ தனியாக நிற்பது அந்த ஒப்பந்தத்தால். ஆக உங்கள் மேல் விற்றது ஒன்று, லைசென்ஸ் இல்லாமல் பிடித்தது ஒன்று என இரண்டு குற்றச்சாட்டு வரலாம்.

மான் விஷயம் வேறு. 1861-ல் போட்ட விலங்குப் பாதுகாப்புச் சட்டம் மானையும் காப்பாற்றியது, ஆனால் அது பெருகிக் காட்டைத் தின்று தீர்க்கவே 1930-ல் பாதுகாப்பை எடுத்துவிட்டு, அரசே ஆள் வைத்துச் சுட ஆரம்பித்தது. இன்று அது காட்டு விலங்குக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதற்காக உங்கள் நண்பர் தப்பித்தார் என்று எண்ண வேண்டாம். சும்மா சுட்டு வெட்டிய கறியை விற்பது உணவுப் பாதுகாப்பு விதிப்படி குற்றம், அங்கீகாரம் பெற்ற கூடத்தில் பரிசோதனை முடித்த கறியைத்தான் விற்கலாம். அவரை விசாரணையில் இழுத்துவிடாதீர்கள், அதனால் உங்கள் கேஸ் ஒரு இம்மியும் லேசாகாது.

இப்போது செய்ய வேண்டியது. படத்தையும் முதலாளியோடு பேசிய செய்திகளையும் அழிக்காதீர்கள். அழித்தால் சின்ன விஷயம் பெரிதாகும். அதிகாரி பெயர், முகவரி, லைசென்ஸ் கேட்டால் கொடுத்துவிடுங்கள். அதற்கு மேல் என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் இருப்பது என்பதை வக்கீலைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள், டௌபோ உட்பட. "தெரியாமல் செய்துவிட்டேன்" என்று எழுதிக் கொடுக்கும் அவசரம் வேண்டாம், அது வேலைக்காகாது, வாக்குமூலமாக மட்டும் நிற்கும்.

உங்களுக்கு அபராதத்தைவிட விசாதான் பெரிய கவலையாக இருக்க வேண்டும். முதல் தடவை, நான்கே மீன் என்பதை எடுத்துச் சொல்லி, வழக்குப் போடாமல் எச்சரிக்கையோடு முடிக்கும்படி உங்கள் வக்கீல் கேட்கட்டும். அது நடக்காமல் நீதிமன்றம் போனால், 2002-ம் வருடத் தண்டனைச் சட்டத்தின் 106-ம் பிரிவு இருக்கிறது. தண்டனைப் பதிவால் வரும் பாதிப்பு குற்றத்தின் அளவை ஒப்பிட்டால் மிக அதிகம் என்று காட்ட முடிந்தால், பதிவே இல்லாமல் நீதிபதி விடுவிக்கலாம். விசா பறிபோகும் என்று வாயால் சொன்னால் போதாது, விசா கடிதம், வேலை ஒப்பந்தம் எல்லாம் காட்ட வேண்டும். இடையில் விசா விண்ணப்பம் நிரப்பினால் நிலுவையில் உள்ள வழக்கை மறைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று. வாங்கியதால் முதலாளியும் மாட்டியிருக்கிறார், "நம் வக்கீலையே வைத்துக்கொள்ளலாம்" என்பார். நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். யார் யாரை விற்கச் சொன்னது என்ற கேள்வி வரும்போது அந்த வக்கீல் அவர் பக்கம்தான் பேசுவார்.