சத்தம் கேட்கிறது, சொல் புரியவில்லை

செல்லூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "அப்பா 28 வருடமாக விசைத்தறி ஓட்டுகிறார். இப்போதெல்லாம் நான் பேசினால், 'சத்தம் கேட்குதும்மா, என்ன சொல்றேன்னுதான் புரியலை' என்கிறார். காதில் குறும்பி அடைத்திருக்கும், நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றலாம் என்கிறார் அம்மா. ஊற்றலாமா?"

வேண்டாம்மா. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் உள்ளே இறங்கிச் சீழ் பிடிக்கலாம். அப்பா சொன்ன அந்த ஒரு வரியைப் படித்ததும் எனக்குக் குறும்பி மேல் சந்தேகம் வரவில்லை, தறி மேல்தான் வந்தது.

ஒலி பட்டுச் செவிப்பறை அதிர்கிறது. அதன் பின்னே சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகள். அங்கவடி சுமார் 3 மில்லிமீட்டர்தான், உடம்பிலேயே சின்ன எலும்பு. இவை அதிர்வை உள்காதின் நத்தைச் சுருளுக்குக் கடத்துகின்றன. இந்த வழியில் அடைப்பு என்றால் எல்லாமே மெதுவாகக் கேட்கும். உரக்கப் பேசினால் புரிந்துவிடும்.

சுருளுக்குள் நீர் நிறைந்திருக்கிறது. அது அசைய அசைய, காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் வயல் நாற்றுப் போல ஆடி நரம்புக்குச் சேதி சொல்கின்றன. சுருளின் வாசல் பக்கம் கீச்சொலிகளுக்கு, உச்சிப் பக்கம் கனத்த ஒலிகளுக்கு. வருடக்கணக்கில் தறிச் சத்தம் அடித்தால் முதலில் சாய்வது வாசலை ஒட்டிய நாற்று. சாய்ந்தது மறுபடி முளைக்காது.

'பட்டு', 'தட்டு', 'கட்டு' என்று சொல்லிப் பாருங்கள். வித்தியாசமெல்லாம் வாய் திறக்கிற அந்த நொடியில்தான். அதைப் பிரித்தறியக் கீச்சொலிகளும் காதில் விழ வேண்டும். அப்பாவுக்கு 'அட்டு' மட்டும் விழுகிறது.

அரசு ராஜாஜி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். டாக்டர் இசைக்கவையைத் தட்டி, காதுக்குப் பின்னால் எலும்பில் ஒருமுறை, காதுத் துளைக்கு முன்னால் ஒருமுறை வைத்துப் பார்ப்பார். முன்னால் வைக்கும்போதுதான் நன்றாகக் கேட்கிறது என்றால், கோளாறு பெரும்பாலும் உள்காதில். அப்புறம் ஆடியோகிராம் எடுத்தால் எந்தச் சுருதியில் எவ்வளவு குறைவு என்பது தெரிந்துவிடும். செவிக்கருவி வேண்டுமா என்பதை அதை வைத்துச் சொல்வார்கள்.

தறிக்குப் போவதானால் காதடைப்பான் கட்டாயம். 85 டெசிபல் சத்தத்தில் தினமும் 8 மணி நேரம் நின்றாலே காது கெடும். தறிக்கூடம் அதையும் தாண்டும். பஞ்சு போதாது. வீட்டில் கத்த வேண்டாம், முகம் பார்த்து நிதானமாகப் பேசுங்கள்.

என்றாவது திடீரென ஒரு காது கேட்காமல் போனால் மட்டும் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே ஓடுங்கள்.