அப்பாவுக்குப் பிளாஸ்டிக் ஸ்டென்டா, உலோக ஸ்டென்டா?

கேள்வி: அப்பாவுக்கு 66 வயது. கணையத் தலைப்பகுதியில் புற்றுநோய் என்று பயாப்ஸியில் உறுதியாகிவிட்டது. ஆபரேஷன் செய்ய முடியாது, கீமோ கொடுக்கலாம் என்கிறார்கள். அதற்கு முன் பித்தக்குழாய் அடைப்புக்கு இ.ஆர்.சி.பி. மூலம், அதாவது வாய் வழியே எண்டோஸ்கோப் விட்டு, ஸ்டென்ட் என்னும் சிறு குழாயை வைக்கணும். பிளாஸ்டிக் என்றால் மொத்தம் 45,000 ரூபாய், உலோகம் என்றால் 95,000. 5 லட்சம் மெடிக்ளைமில் 2 லட்சம்தான் மிச்சம். எதற்குச் சம்மதிப்பது?

பதில்: எந்த ஸ்டென்ட் பொருந்தும் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். பணக் கணக்கில், இன்றைய பில்லை மட்டும் பார்க்காதீர்கள். அடுத்த ஒன்பது மாதத்துக்கான பில்லைப் பாருங்கள்.

வழக்கமான பிளாஸ்டிக் ஸ்டென்டின் குறுக்களவு 3.3 மி.மீ.; பேனா ரீஃபில் பருமன்தான். உள்ளே கிருமிப் படலமும் பித்தக் கசடும் படிந்து, சுமார் மூன்று மாதத்தில் அடைத்துக்கொள்ளும். உலோகம் விரிந்தால் 10 மி.மீ., ஒரு சாக்பீஸ் பருமன். பெரும்பாலும் பல மாதங்கள் தாங்கும். பிளாஸ்டிக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால், ஒன்பது மாதத்துக்கு மூன்று இ.ஆர்.சி.பி.: 1,35,000 ரூபாய். உங்கள் 2 லட்சத்தில் கீமோவுக்கு மிஞ்சுவது 65,000தான். உலோகம் ஒரே முறையோடு நின்றால் 1,05,000 மிஞ்சும். ஸ்டென்ட் அடைத்துக் காய்ச்சல் வந்தால் கீமோவும் தள்ளிப்போகும். அந்த இழப்பு எந்த எஸ்டிமேட்டிலும் இருக்காது.

ஆகவே, மூன்று மாதத்துக்கு மேல் சிகிச்சை போகும் என்று டாக்டர் கருதினால் உலோகத்துக்கே சம்மதியுங்கள். உடல்நிலை மிகவும் தளர்ந்து, காலம் குறைவு என்று அவர் சொன்னால் பிளாஸ்டிக் போதும்.

உலோக ஸ்டென்ட் வலைபோல இருக்கும்; அதன்மேல் உறையுள்ளது, உறையில்லாதது என இரண்டு வகை. உறையில்லாததைப் பிறகு எடுக்க முடியாது. வலைக் கண்ணிகள் வழியே கட்டி வளர்ந்து அடைக்கலாம். அப்போது அதற்குள்ளேயே இன்னொன்று வைப்பார்கள். உறையுள்ளது இடம் நகர்ந்துவிடக்கூடும். அதனால் உலோகம் வைத்தாலும் 50,000 ரூபாயை சேவிங்ஸ் கணக்கில் தனியாக வைத்திருங்கள். குளிர்காய்ச்சல், மறுபடி மஞ்சள் காமாலை, சிறுநீர் கறுத்துப்போதல், இவற்றில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரி.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பும் முன் அனுமதிப் படிவத்தில் வெறும் 'ஸ்டென்ட்' என்று எழுதினால் கேள்வி வரும். 'தானே விரியும் உலோக ஸ்டென்ட்' என்று குறிப்பிட்டு, காரணத்தையும் டாக்டரையே எழுதச் சொல்லுங்கள். ஸ்டென்ட் பெட்டியில் லாட் எண்ணோடு இருக்கும் ஸ்டிக்கரும் தனி இன்வாய்ஸும் கோப்பில் இருக்க வேண்டும். கிளெய்மில் இவற்றைத்தான் கேட்பார்கள். பாலிசியின் அறை வாடகை வரம்பைத் தாண்டாதீர்கள். தாண்டினால், அந்த விகிதப்படி கம்பெனி மற்ற கட்டணங்களிலும் வெட்டும். ஸ்டென்ட் விலையில் அப்படி வெட்டக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணத்தில் வெட்டுவார்கள்.

பாலிசி எப்போது புதுப்பிக்க வருகிறது என்று பாருங்கள். புதுப்பித்ததும் முழு 5 லட்சமும் மறுபடி கிடைக்கும். கீமோ செலவின் ஒரு பகுதி அந்த ஆண்டில் விழுந்தால் பாரம் குறையும். அதற்காக ஸ்டென்ட்டையோ கீமோவையோ ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.