வியூகமும் கதையும் – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். மன்னார்குடிக்குப் பக்கத்தில் பாமணியாற்றங்கரை கிராமம் எங்களுடையது. கல்லூரியில் படிக்கிறேன். பள்ளி நாளிலிருந்தே ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற போர் வியூக கேம் ஆடுகிறவன். நீங்கள் ‘வெண்பா’ என்ற சமையல் கதை கேமைப் பாராட்டி எழுதியதைப் படித்துவிட்டு வாங்கி ஆடினேன். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. தோற்கவே வழியில்லாத ஒன்றை எப்படி விளையாட்டு என்பது? மூளைக்கு வேலை வைப்பது வியூக விளையாட்டுதான், மற்றதெல்லாம் பட்டனை அமுக்கிப் படிக்கிற கதை என்பது என் கட்சி. அப்புறம், நம் சோழர்கள் இப்போது பெரிய பெரிய கேம்களில் வந்துவிட்டார்கள். அதைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லையே? என்னிடம் இருப்பது பழைய லேப்டாப். அதில் ஓடுவதாக ஒன்றிரண்டு சொல்லுங்கள்.

தங்கள் வாசகன்,
மன்னார்குடி

அன்புள்ள தம்பிக்கு,

சோழர்களிடமிருந்தே தொடங்குகிறேன். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-க்கு 2022-இல் வந்த இந்திய விரிவாக்கத்தில் திராவிடர்களைச் சேர்த்தார்கள். சுருள்வாள் வீசும் வீரன், திரிசடை என்ற போர்க்கப்பல், ராஜேந்திர சோழனின் படையெடுப்புகள். ஆளைக் கிளிக் செய்தால் தமிழில் பதில் வருகிறது. முதல்முறை கேட்டபோது எனக்கும் உடம்பு சிலிர்த்தது. அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. அந்தப் படைக்கு நைட் என்ற கவசக் குதிரைவீரன் கிடையாது, குதிரைப்படை நோஞ்சான். கடலையும் காலாட்படையையும் நம்பித்தான் பிழைக்க வேண்டும். நல்ல குதிரைக்குக் கடல் தாண்டி வரும் வணிகரை எதிர்பார்த்திருந்த நாடு நம்முடையது. யாரோ வரலாற்றைப் படித்துவிட்டு உட்கார்ந்து வடிவமைத்திருக்கிறார்கள். ஒரு நாட்டை யுகம் யுகமாக வளர்க்கும் வியூக கேம் சிவிலைசேஷன். 2025 பிப்ரவரியில் வந்த அதன் ஏழாம் பாகத்திலும் சோழர் உண்டு, தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டலாம். ஆனால் அது வெளிவந்தபோது யுகம் மாறியதும் நாட்டையே மாற்றியாக வேண்டும் என்று வைத்திருந்தார்கள். பார்த்துப் பார்த்துக் கட்டிய சோழ நாட்டைப் பாதியில் இறக்கி வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

அதைவிடப் பெரிய குறை ஒன்று எனக்கு உண்டு. அது டெல்டாக்காரனுக்குத்தான் சட்டென்று உறைக்கும். சிவிலைசேஷன் வரிசையில் ஆற்றங்கரையில் ஊரை வைத்தால் அதன் பலன் தானாக வந்துவிடும். ஆறாம் பாகத்தின் 2019 விரிவாக்கத்தில் வெள்ளம், வறட்சி, அணை எல்லாம் வந்தன. அப்போதும் மேலே ஒருவன் அணை கட்டியதால் கீழே இருப்பவனுக்குத் தண்ணீர் குறைவதில்லை. இப்படி ஓர் ஆற்றை நீங்களும் நானும் பார்த்ததில்லை. ஜூன் 12 மேட்டூர் திறப்பார்களா, கல்லணைக்கு எப்போது வரும், முறை வைத்து விடுவார்களா, கடைமடைக்கு எட்டுமா என்றுதான் நம் ஊரில் ஓர் ஆண்டே தொடங்குகிறது. சோழனின் பெயரும் கோயிலும் கப்பலும் இருக்கிறது, அவன் சோற்றுக்கு வழிசெய்த நீர் நிர்வாகம் இல்லை.

அது இருக்கிற கேம் டிம்பர்பார்ன். சோழர் இல்லை, மனிதரே இல்லை. மனிதர் அழிந்துபோன உலகில் நீர்நாய் போலிருக்கும் பீவர்கள் ஊர் கட்டுகின்றன. 2021 முதல் ஆடக் கிடைக்கிறது. சில நாள் ஆற்றில் நீர் வரும், அப்புறம் வறட்சி. ஊற்று நின்றுவிடும், ஆறு கண்ணெதிரே இறங்கும். நீர் எட்டுகிற அளவுக்குத்தான் மண் பச்சை. நீர் விலக விலகப் பச்சை விளிம்பு பின்வாங்கும், கேரட் பாத்தி காயும், பீவர்கள் தாகத்தில் விழும். சரி, அணையை உயர்த்திக் கட்டலாம் என்று கட்டினால் மேலே குளம் ததும்பும், கீழே நீங்களே வைத்த தோட்டம் கருகும். மதகை ஓர் அடுக்கு இறக்கி வைப்பதா, இரண்டு அடுக்கா என்று யோசிக்க வேண்டும். நம் ஊரில் ஷட்டரைத் திறக்கிற லஸ்கருக்குத் தெரிந்த கணக்கு இது. இதில் பக்கத்து ஊர்க்காரனோடு தகராறு கிடையாது, முழு ஆறும் உங்களுடையது. அந்த ஒரு குறையைத் தவிர, வியூக விளையாட்டில் நான் இவ்வளவு மதிக்கிற கேம் வேறில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தோற்க வழி இருக்கிறதா என்று நீங்கள் பார்க்கிறீர்கள். நான் எடுத்த முடிவு யார் தலையில் போய் விடிகிறது, அதை எனக்குக் காட்டுகிறதா என்று நான் பார்க்கிறேன். பெரும்பாலான வியூக விளையாட்டுகளில் நாம் மேலிருந்து பார்க்கிறோம். நூறு பேர் செத்தால் மூலையில் ஓர் எண் குறையும். உணவைக் கொடுத்து அடுத்த நூறு பேரை வரிசையில் போட்டுவிடலாம். கணக்குப் போடும் சுகம் பெரிய சுகம்தான், எனக்கும் அது வேண்டும். ஆனால் மூளைக்கு வேலை அங்கே மட்டும்தான் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன்.

போலந்தில் செய்த ‘திஸ் வார் ஆஃப் மைன்’ 2014-இல் வந்தது. முற்றுகையில் சிக்கிய நகரம், இடிந்த வீட்டில் சில சாதாரண மனிதர்கள். பகலில் வெளியே தலைகாட்ட முடியாது, இரவில் ஒருவர் போய்ப் பொருள் தேடி வர வேண்டும். ஓர் இரவு வயதான கணவன் மனைவி இருக்கும் வீட்டுக்குப் போகலாம். அங்கே உணவு இருக்கிறது, மருந்து இருக்கிறது. பெரியவர் கையில் ஆயுதம் இல்லை, பின்னாலேயே வந்து எடுக்காதீர்கள் என்று கெஞ்சுவார். எடுத்தால் உங்கள் வீட்டில் காய்ச்சலில் கிடப்பவர் பிழைக்கலாம். வியூகமாகப் பார்த்தால் எடுப்பதுதான் சரி. எடுத்துவிட்டுத் திரும்பினால், போய் வந்தவர் மனம் உடைந்து உட்கார்ந்துவிடுவார். வேலை சொன்னால் செய்ய மாட்டார். இது வியூகமா, கதையா? என்னால் பிரிக்க முடியவில்லை. உங்களால் முடிந்தால் எழுதுங்கள், உண்மையாகவே கேட்கிறேன்.

வெண்பாவுக்கு வருவோம். 1980களில் கனடாவுக்குக் குடிபோன தமிழ்க் குடும்பம். அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. அழிந்த வரியை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். முதலில் இட்லி. தட்டுகளை எப்படித் திருப்பி அடுக்கினால் ஆவி எல்லாக் குழிக்கும் போகும் என்பதுதான் புதிர். உங்களுக்கு அரை நிமிட வேலை, தினம் பார்க்கிற பாத்திரம். அதனால்தான் ஆட ஒன்றுமில்லை என்று தோன்றியிருக்கும். ஆனால் பின்னால் வளர்ந்த மகன் கவின் அதே குறிப்பேட்டோடு அடுப்படியில் நிற்கிறான், தமிழ் அவனுக்குத் தட்டுத்தடுமாறித்தான் வாசிக்க வருகிறது. ஒரு குடும்பத்தில் எது கைமாறாமல் போயிற்று என்பதை யாரும் வசனம் பேசி விளக்கவில்லை, உங்கள் கை தடுமாறுவதில் அது தெரிகிறது. 2024-இல் பாஃப்டா அறிமுக விளையாட்டு விருதை இதற்குக் கொடுத்தார்கள், தகும். உரையாடலில் எதைத் தேர்ந்தாலும் கதை பெரிதாக மாறுவதில்லை என்பது உண்மைதான். அந்தக் குறையை நானும் சொல்வேன். ஆனால் இரண்டு மணி நேரம் போதாது என்று எனக்குத் தோன்றவில்லை.

டிஸ்கோ எலீசியம் என்ற துப்பறியும் கதை கேமை இப்போதைக்கு விடுங்கள். 2019-இல் வந்ததில் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு தடித்த நாவல் அளவுக்குப் படிக்க வேண்டியிருக்கும். செமஸ்டர் விடுமுறையில் பார்க்கலாம்.

பழைய லேப்டாப் என்றால் ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’. லூகாஸ் போப் தனியாளாகச் செய்து 2013-இல் வெளியிட்டது, 2022 முதல் போனிலும் உண்டு. நீங்கள் எல்லைச் சாவடியில் முத்திரை குத்தும் அதிகாரி. எத்தனை பேரைச் சரியாகப் பார்த்து அனுப்புகிறீர்களோ அதற்குத்தான் கூலி. அதில் வாடகையும் சாப்பாடும் போக வேண்டும். காகிதமெல்லாம் சரியாக இருக்கும் ஒரு கணவன் உள்ளே போய்விடுவான். அடுத்து வருகிற மனைவியிடம் ஒரு தாள் குறையும். அந்த இடத்துக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள்.

இன்னொன்று ‘இன்டு தி ப்ரீச்’, 2018. ராட்சத இயந்திரங்களை நகர்த்தி ஊரைக் காக்கிற கேம். எட்டுக்கு எட்டுக் கட்டம், எதிரி அடுத்து எங்கே அடிப்பான் என்பதை முன்னாடியே காட்டிவிடும். சதுரங்கம் பிடிக்குமென்றால் விடமாட்டீர்கள். வீடுகள் அடிபட்டால்தான் நீங்கள் தோற்பது, எதிரி உயிரோடு போனாலும் பரவாயில்லை. சில சமயம் உங்கள் இயந்திரத்தையே குறுக்கே நிறுத்தி அடியை வாங்கிக்கொள்வதுதான் சிறந்த நகர்வு. உங்கள் கட்சிக்காரர்களுக்கு முதலில் இதைக் கொடுங்கள். இரண்டுமே தள்ளுபடியில் அடிக்கடி வரும், முழு விலை கொடுக்க வேண்டாம்.

அன்புடன்